சாவிக்கு அடங்காத கார்

சாவியை உருவிக் கையில் வைத்திருந்தார் வக்கீல். ஆனாலும் அவருடைய பழைய டீசல் கார் வாசலில் நின்றபடியே அலறியது. புகை தெருவையே மூடியது.

போனில் மெக்கானிக்கைப் பிடித்தார்.

"டர்போ சீல் போயிருக்கும் சார். இப்ப அதுக்கு டீசலே வேணாம், தன்னோட ஆயிலையே குடிச்சு ஓடுது. விட்டா இன்ஜின் வெடிச்சுடும். பிரேக்கை அழுத்தி மிதிச்சு, டாப் கியர் போட்டு, கிளட்சை டப்புனு விடுங்க. திணறி நின்னுடும்."

வக்கீல் ஏறி உட்கார்ந்து, கிளட்சை விட்டுப் பார்த்தார். பல வருடப் பழக்கம். கால் பூப்போல மெல்லத்தான் எழுந்தது. கிளட்ச் கருகிய வாடை வந்ததே தவிர, அலறல் அடங்கவில்லை.

"கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குதுப்பா!"

"நீங்க இறங்குங்க" என்றாள் மனைவி. ஏறினாள், மிதித்தாள், கியரைப் போட்டாள், விட்டாள். கார் ஒரு குதி குதித்து அடங்கியது.

தெருவே கைதட்டியது.

"அடிப்பாவி! இதை எங்கேடி கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டதான். காலையில நான் கிளட்சை விட்டப்பல்லாம் வண்டி இப்படித்தானே நின்னுச்சு? 'ஜென்மத்துக்கும் உனக்கு டிரைவிங் வராது'ன்னு இறக்கி விட்டீங்களே!"