முதல் புகார்

தீவுக்காரர்களும் இனி குடிமக்கள்தான் என்று சட்டம் வந்த மறுவாரம், கடலுக்கு அப்பாலிருந்து தீவை ஆளும் நாட்டின் துறைமுகத்தில் மரியதங்கம் வந்து இறங்கினாள். முப்பது வருடமாக அந்த நாட்டு ராஜாவின் பிறந்தநாளுக்குத் தவறாமல் பாயசம் வைத்தவள். போன தடவை மகளின் பிரசவத்துக்கு வந்தபோது, ஒரு காகிதம் குறைகிறதென்று அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தடவை குடிமக்கள் வரிசையில் நின்றாள். கால் மட்டும் பழக்கதோஷத்தில் அந்நியர் வரிசைப் பக்கமே சாய்ந்தது. கவுண்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்றான்.

"அவ்வளவுதானா? ஏதாவது கேளுங்க தம்பி. பதிலெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

அவன் யோசித்தான். "பயணம் எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை இங்கே யாரும் அவளிடம் கேட்டதில்லை. திணறிப்போய், "கப்பல்ல டீ சகிக்கல" என்றாள்.

"புகார் குடுக்கணும்னா அந்த ஜன்னலுக்குப் போங்க. குடிமக்கள் மட்டும்தான் குடுக்கலாம்."

டீ அப்படியொன்றும் மோசமில்லை. கண்ணாடிக்கு வெளியே, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் அவசர அவசரமாகக் கையசைத்தாள்.

"இரு, வர்றேன்" என்று சைகை காட்டிவிட்டு, மரியதங்கம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு புகார் ஜன்னலை நோக்கி நடந்தாள்.