இருநூறு டாலர் ஸ்கோப்

"இருநூறு டாலர் ஸ்கோப் போதும்க்கா. நிலாவா பாக்கப் போற?" என்று தொலைநோக்கி விற்கும் கடையிலேயே கத்தினான் தம்பி டுவைட்.

"இருநூறு கெஜத்துல அட்டையில விழுந்த ஓட்டை அதுல தெரியாதுடா," என்றாள் லொரெட்டா.

"விழுந்தாத்தானே தெரியறதுக்கு?"

மோன்டானாவில் எங்கள் துப்பாக்கிச் சங்கமே அறிந்த சங்கதி அது. மூன்று மாதமாக லொரெட்டாவின் இலக்கு அட்டை வெள்ளையாகவே திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் அப்படியென்றால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள். கடைசியில் கடைக்காரர் யாரோ விற்ற பழைய ஸ்கோப் ஒன்றை முந்நூறுக்குத் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை பயிற்சியில் பத்துக் குண்டு சுட்டுவிட்டு அதில் பார்த்தாள். ஏழாம் எண், அவளுடைய அட்டை, பளிச்சென்று வெள்ளை. பக்கத்து எட்டாம் அட்டையின் நட்டநடுவில் பத்து ஓட்டை.

எட்டாம் இடத்துக்காரர் வெர்னன் துப்பாக்கியை உறையிலிருந்து இன்னும் எடுக்கவே இல்லை.

"மூணு மாசமா என் அட்டையிலதான் சுடுறீங்க," என்றார் தன் தொள்ளாயிரம் டாலர் ஸ்கோப்பைத் தடவியபடி.

"தெரிஞ்சுமா வாயத் திறக்கல?"

"அந்த அட்டைங்களப் பாத்துதான் என்னை அணித் தலைவராக்குனாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் அட்டையில் எல்லாம் பத்துக்குப் பத்து. எட்டாம் அட்டை சுத்த வெள்ளை. தலைவர் பதவி கைமாறியது.

அக்டோபரில் லொரெட்டா அதே வெர்னனைக் கல்யாணம் செய்துகொண்டு ஐடஹோவுக்குப் போய்விட்டாள். எப்படி மனம் வந்தது என்று கேட்டேன்.

"அந்தத் தொள்ளாயிரம் டாலர் ஸ்கோப்ப வேற எப்படி நான் வாங்குறது?" என்றாள்.