பதினோரு இடது ஷூ

"பதினோரு ஷூ எங்கே போச்சு, எலெயுதேரியோ?"

மரிக்ரூஸ் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். சிவப்பு வரி ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

எலெயுதேரியோ கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுப் பார்த்தார். மெக்சிகோவின் லெயோன் நகரத்தில் இருந்த அந்தச் சின்ன ஷூ ஆலையில் முப்பத்தோரு வருஷமாகக் குதிகால் பொருத்துகிறவர். திரையில் இருந்தது புரிந்ததோ இல்லையோ, சிவப்பு புரிந்தது.

"ஜோடி ஜோடியா எண்ணுற மெஷினு. அதுக்கு என்ன மேடம் தெரியும்?"

"அதுக்கு எல்லாம் தெரியும். உங்க அலமாரியைத் திறந்து பார்த்தேன். பதினோரு வலது கால் ஷூ இருக்கு. எல்லாம் புது மாடல், எல்லாம் இருபத்தாறாம் அளவு. இடது கால் எங்கே?"

அவர் விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினார்.

"ஒத்தை ஷூவை யாரு திருடுவாங்கன்னு கேட்பீங்க. இன்னிக்கு இடது, நாளைக்கு வலது. வீட்டுல போய் ஜோடி சேர்ந்துடும். நல்ல மூளை!"

"திருடற கை இல்ல இது, பாப்பா."

"மேடம்."

"சரிங்க, மேடம்."

"அப்புறம் இதையும் பாருங்க. வருஷம் பூரா ஒரு திங்கக்கிழமைகூட நீங்க வேலைக்கு வரல. டெக்கீலா குடிச்சிட்டுப் படுத்துக் கிடந்தீங்களா?"

"லெயோன்ல செருப்புக்காரன் திங்கக்கிழமை வேலைக்கு வந்தா ஊரே சிரிக்கும், மேடம். அது இந்த ஊரு வழக்கமாச்சே."

தையல் மெஷின் பக்கமிருந்து நாலைந்து பேர் சிரித்தார்கள். மரிக்ரூஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபின் ஆலை அவள் தலையில் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. எல்லாரோடும் சண்டை போட்டுத்தான் இந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தாள். தோல், நூல், பசை, பெட்டி எல்லாம் இப்போது அதற்குள் அடக்கம். பலனும் கண்கூடு. கடைகளிலிருந்து குறை சொல்லித் திரும்பி வரும் ஷூ பாதியாகக் குறைந்துவிட்டது. "சாஃப்ட்வேர் வந்த புண்ணியம்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழைய பழக்கங்களையெல்லாம் மூட்டை கட்டியாயிற்று. முன்பு புது மாடல் எது வந்தாலும் முதல் ஜோடியை அப்பா ஒரு வாரம் போட்டு நடப்பார். அவர் தலையாட்டினால்தான் சரக்கு கடைக்குப் போகும். சாஃப்ட்வேரில் அதற்குக் கட்டமே இல்லை.

இன்னொரு கண்டிப்பான உத்தரவும் போட்டிருந்தாள். "அப்பாகிட்ட யாராவது போய் ஆலைப் பேச்சை எடுத்தீங்க, அன்னிக்கே வேலை போச்சு. அவருக்கு ஓய்வு வேணும்." அப்பா மேல் அவளுக்கு உயிர்.

"கடைசியா கேட்கறேன். இடது ஷூவெல்லாம் எங்கே?"

"சொல்ல முடியாதுங்க, மேடம்."

"அப்போ நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

எலெயுதேரியோவின் முகம் சுண்டிப்போயிற்று. மேலங்கியைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"முதலாளிகிட்ட மட்டும் இதைச் சொல்லாதீங்க. அவரு தாங்கமாட்டாரு."

"எடுக்கறதையும் எடுத்துட்டு, கரிசனம் வேறயா?"

ஆனால் சொல்லாமல் முடியாது. ஆலை இன்னும் அப்பா பேரில்தான் இருந்தது. வேலைநீக்கக் கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டும். எப்போதும் இருட்டியபின்தான் வீடு திரும்புகிறவள், கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானமே கிளம்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முற்றத்திலிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக்.

எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எந்நேரமும் போர்வைக்குள் படுத்திருப்பதாக அவள் நினைத்திருந்த அப்பா, இரண்டு ஊன்றுகோல்களை ஊன்றி முற்றத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கால்சட்டையின் வலது பக்கம் முழங்காலோடு மடித்து ஊக்கு குத்தியிருந்தது. இடது காலில் அடுத்த மாதம் கடைக்குப் போக வேண்டிய புது மாடல் ஷூ.

இருபத்தாறு. அப்பாவின் அளவு.

"அப்பா!"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அவர் விழித்தார்.

நாற்காலியில் ஒரு நோட்டு கிடந்தது. எடுத்துப் பிரித்தாள். 'ஏழாவது மாடல்: குதிகால் உயரம் அதிகம், இடுப்பு வலிக்குது. எட்டாவது: சுண்டுவிரல் பக்கம் தையல் உறுத்துது. பத்தாவது: மழைக்கு வழுக்கும், அடிப்பாகத்தை மாத்து.' ஒவ்வொன்றுக்கும் கீழே எலெயுதேரியோவின் கோழிக் கிறுக்கலில், 'சரி பண்ணியாச்சு, முதலாளி.' பக்கத்திலேயே தேதிகள். எல்லாம் திங்கட்கிழமை.

திரும்பி வரும் ஷூ குறைந்தது யாருடைய புண்ணியம் என்று அவளுக்கு இப்போது விளங்கிற்று.

"என்னம்மா இந்த நேரத்துல? கையெழுத்து ஏதாவது போடணுமா?"

"இல்லப்பா... பசிச்சுது, வந்தேன்."

கைப்பைக்குள் விரலை விட்டு அந்தக் கடிதத்தை அங்கேயே கிழித்தாள். 

"இதை ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"உங்கிட்டயா? உள்ள வரும்போதெல்லாம் வெட்டி எடுத்த காலைத்தானே நீ பார்த்தே, கண்ணு, பார்த்துப் பார்த்து அழுதே. எனக்கும் எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் தோணுச்சு. எலெயுதேரியோ ஒருத்தன்தான், ஒரு திங்கக்கிழமை ஒத்தை ஷூவோட வந்து நின்னு, 'இன்னொரு கால் இருக்கே முதலாளி, எழுந்திரிங்க'ன்னான்."