மச்சினன் இருந்த பத்தியம்

ஸ்கேன் அறைக் கதவு மூடிக்கொண்டது. பன்னு உள்ளே போய்விட்டான்.

வெளியே நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே போனவன் அவள் தம்பி அல்லவா, பார்க்கத்தான் செய்வாள்.

பன்னு என் மச்சினன். பேக்கரி மாஸ்டர். உப்பலாக, மெத்தென்று, மேலே பளபளவென்று இருப்பான். அந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்காதீர்கள். நான்தான்.

அவன் கல்லீரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று இதே ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். கொழுப்பைக் கரைத்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். கரையாவிட்டால் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

அன்றைக்குப் பிடித்தான் பாருங்கள், குரங்குப் பிடி.

சர்க்கரை கிடையாது. மைதா கிடையாது. பொரித்தது, வறுத்தது எதுவும் கிடையாது. வேகவைத்த காய், வெள்ளரிக்காய், முட்டையின் வெள்ளைக்கரு. விடிவதற்குள் எழுந்து ஓட்டம் வேறு.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று காசு சேர்ப்பவர்களைச் சொல்வார்கள். இவன் நிஜமாகவே இரண்டையும் கட்டினான்.

அதுவும் எங்கே? வெண்ணெயும் சாக்லேட்டும் மணக்கிற அடுப்படியில். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஆனால் இந்தப் பூனை பால் பக்கம் திரும்பவே இல்லை.

பேக்கரி மாஸ்டருக்கு நாக்குதான் தராசு. க்ரீம் அடித்ததும் விரல் நுனியில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேக்கின் மேல் பூசுவான். பத்தியம் தொடங்கிய பிறகு அந்தத் துளியும் கூடாது என்றான். கண் பார்த்தால் கை செய்யாதா என்று வாய்ச்சவடால் வேறு.

ஒருநாள் பொடித்த சர்க்கரை டப்பாவுக்குப் பதில் பொடியுப்பு டப்பா கைக்கு வந்துவிட்டது. பிறந்தநாள் கேக், மூன்றடுக்கு. மெழுகுவர்த்தியை ஊதிய குழந்தை முதல் வாயையே துப்பியது. குழந்தை அடம்பிடிக்கிறது என்று நினைத்து ஒரு துண்டை வாயில் போட்ட அதன் அப்பாவும் துப்பினார்.

முதலாளி குதித்த குதியில் கூரை பிய்ந்திருக்கும். வேலை போகாதது பெரிய விஷயம். அதற்கப்புறம் ருசி பார்க்கிற பொறுப்பு கல்லாவில் உட்காரும் அம்மாளுக்குப் போனது. இவன் இளைத்ததையெல்லாம் அந்த அம்மாள் ஏற்றிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், ஒருநாள் அடுப்புக்கு முன்னாலேயே மயங்கி விழுந்திருக்கிறான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“டேய் மாப்ளே, நாம என்ன சினிமா நடிகரா? சாதாரண ஆளுங்க. நாலு நாள் இருந்தாலும் நல்லா தின்னுட்டுப் போவோம். விட்டுத் தொலைடா.”

அவன் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே எழுந்து போனான். என் மனைவிதான் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

நான் சொன்னதில் என்ன தப்பு? எங்கள் தெருவில் ஒருத்தர் பச்சைக்காயாகவே தின்று அறுபதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எதிர்வீட்டுக்காரர் பொரித்ததைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். இன்றைக்கும் சைக்கிளில் போகிறார். இத்தனை கஷ்டத்துக்கும் யார் உத்தரவாதம் தருவது?

இதோ, இந்தக் கதவு திறந்து, கரையவில்லை என்று சொல்லிவிட்டால்? அவன் கிடந்த பட்டினியெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

கதவு திறந்தது.

பன்னு முதலில் வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றி மாட்டியிருந்தான். பின்னாலேயே டாக்டர்.

“சுத்தமா கரைஞ்சிருச்சு,” என்றார். “இப்படி ஒரு ஈரலைப் பார்த்து ரொம்ப நாளாச்சு.”

அடி சக்கை!

பன்னு போட்ட கூச்சலில் மருந்து வாங்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்காவை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். சத்தம் போடாதீர்கள் என்று ஓடிவந்த நர்ஸ், விஷயம் தெரிந்ததும் தானும் கைதட்டினாள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து அவன் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டான் படவா! நானும் கத்தினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் ஒத்துழைக்கவில்லை.

டாக்டர் என் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். என் கீழிமையை விரலால் இழுத்து, மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்தார்.

“அடுத்த வாரமே ஆபரேஷன் வச்சுக்கலாம். அவர் ஈரல்ல பாதி உங்களுக்கு வந்துரும். தைரியமா இருங்க.”

தலையை ஆட்டினேன். அத்தனை மாதம் கேலி பேசிய வாயிலிருந்து அழுகைதான் வந்தது.

பன்னு என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு.

“பத்திரமா வச்சுக்குங்க மாமா,” என்றான். “பட்டினி கெடந்து தேத்துன ஈரலு.”