ஓடைக்கரைத் துணைவர்

வால்பாறைக் காட்டு முகாமில், குடியை விட வந்தவர்களுக்குத் தரப்படும் துணைவர்களில் பாதிப் பேர் இயந்திரங்கள். யார் மனிதர், யார் இயந்திரம் என்று நிர்வாகம் சொல்வதில்லை.

லாரி ஓட்டுநர் பூபாலனுக்குத் துணையாக வந்தவர் தேவசகாயம். தினமும் காலையில் இருவரும் சோலைக்குள் நடந்துபோய் ஓடைக்கரையில் உட்காருவார்கள். ஒருநாள் தேவசகாயம் தன் கதையைச் சொன்னார். எட்டு வயதில் அப்பா அவரைப் பெல்ட்டால் அடித்துக் குளியலறையில் பூட்டிவைப்பாராம்.

பூபாலனுக்குச் சுரீரென்றது. அவன் கதையும் அதுதான். முகாமில் சேரும்போது எழுதிக் கொடுத்திருந்தான்.

“என் ஃபாரத்தைப் படிச்சுட்டுத்தானே பேசறீங்க? நீங்க மெஷினுங்க.”

தேவசகாயம் அவனையே பார்த்தார். “அன்னிக்கு எங்கம்மாகிட்டச் சொன்னேன். அவங்களும் நம்பல.”

“இதையும் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை முகாம் சமையல்காரர் வந்தார். “உங்க கூட்டாளி பஸ் ஸ்டாண்டுல குடிச்சுட்டு விழுந்து கிடந்தாருங்க. ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. ஆறு வருஷமாத் தொடாத மனுஷன்.”

இயந்திரம் குடிக்காது. பூபாலன் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினான்.

ஆஸ்பத்திரியில் தேவசகாயம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பூபாலன் கட்டிலோரம் உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லத் தொடங்கினான். அப்பா தம்பியை அடித்தபோது, தனக்கு அடி விழவில்லையே என்று கதவுக்குப் பின்னால் சந்தோஷப்பட்டு நின்றதை. பாதியில் நிறுத்திவிட்டான்.

திரும்பாமலே, “அப்புறம்?” என்றார் தேவசகாயம்.