வாசல் கல்லில் ஒரு பெயர்

பழைய சதுக்கத்தின் நடுவே வரப்போகும் புது நூலகத்துக்கு இரண்டு வரைபடங்கள். அவற்றை வரைந்த ஆர்க்கிடெக்ட், கணவனோடு வந்து நகரசபை மேஜையில் விரித்தாள். தலைவர் முதல் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

"கண்ணாடிப் பெட்டியாட்டம் இருக்கேம்மா?"

"ஆமாங்கய்யா. சுத்தி எல்லாம் கல் கட்டடம்... ஒட்டாதுதான்."

"சதுக்கத்து மணிக்கூண்டையும் மறைக்குமே?"

"முழுசா மறைச்சிடும்ங்கய்யா." அவள் இரண்டாவது படத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மறைக்கட்டும்! இதுதாம்மா புதுமை. இதையே கட்டுவோம். வாசல் கல்லுல உங்க பேரையே பொறிச்சிடுவோம்!"

கூடமே கைதட்டியது. அவள் இரண்டாவது படத்தைச் சுருட்டினாள்.

பக்கத்திலிருந்த கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதில் சொன்னான்: "நல்ல படம் எடுபடணும்னா பக்கத்துல ஒரு அசிங்கத்தை வரைஞ்சு வைக்கணும்னு நீதானே சொன்னே? இப்போ அந்த அசிங்கத்துல உன் பேரையே பொறிக்கப் போறாங்க!"