கிளம்பாத பெரியவர்

திரைக்கதை எழுதிப் பழக்கமில்லாத என் நண்பன், ஒரு காட்சியில் பெரியவர் ஒருவரை அறைக்குள் வரவழைத்து உட்காரவைத்தான். அவர் கிளம்புவதை எழுதவே இல்லை.

"எப்படா போறாரு?"

"மழை விடட்டும்டா."

அன்று முதல் எங்கள் அறையின் காலி நாற்காலி வெதுவெதுப்பாகவே இருந்தது. இவன்தான் ஏதோ விளையாடுகிறான் என்று சந்தேகப்பட்டேன்.

நாளை தயாரிப்பாளர் கதை கேட்கிறார். பிழையோடு படித்தால் இந்த வாய்ப்பும் போய்விடும். நண்பனை என் கண்ணெதிரே தரையில் உட்காரவைத்துவிட்டு, 'பெரியவர் எழுந்து போகிறார்' என்று எழுதினேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. தாழிட்ட கதவை உள்ளேயிருந்து யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"எழுதினா ஆச்சா? குடையாவது குடுடா," என்றான் நண்பன்.

வெளியே நிஜமாகவே மழை. நாளையைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அந்த வரியை அடித்து நீக்கினேன்.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.